'வல்னரபிள்': காப்பின்மையைச் சொல்லும் ஒரு சொல்

'வல்னரபிள்' என்ற ஆங்கிலப் பெயரடையின் வேரில் ஒரு காயம் இருக்கிறது. லத்தீனில் 'வுல்னுஸ்' என்றால் புண். அதிலிருந்து 'காயப்படுத்து' என்ற பொருளில் 'வுல்னெராரே' என்ற வினை பிறந்தது. பிற்கால லத்தீனில் அந்த வினையிலிருந்து 'காயப்படக்கூடிய' என்ற பெயரடை உண்டாகி, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்த புதிதில் 'காயப்படுத்த வல்ல' என்ற எதிர்ப்பொருளிலும் அது எழுதப்பட்டதுண்டு. அந்தப் பொருள் வேர்பிடிக்காமல் உதிர்ந்துவிட்டது. தன்மேல் அடி விழக்கூடிய நிலையில் இருப்பது என்ற பொருள் மட்டும் நின்றது.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்' நாடகத்தின் கடைசி அங்கத்தில் இந்தச் சொல் வருகிறது. பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் தனக்குச் சாவில்லை என்று சூனியக்காரிகள் வழியே கிடைத்த வாக்கை மேக்பத் நம்பிக்கொண்டிருக்கிறான். எதிரே நிற்கும் மேக்டஃபிடம், வாளை வீசுவதானால் காயம் படக்கூடிய தலைகளின் மேல் போய் வீசு என்கிறான். தான் பிறந்ததே தாயின் வயிற்றைக் கிழித்தெடுத்துத்தான் என்று மேக்டஃப் சொன்ன கணத்தில் அந்தக் காப்பு கழன்று விழுகிறது. வாங்கிய வரத்தை எல்லாம் வைத்துக்கொண்டே அந்திப்பொழுதில் வாசற்படியில் மடிந்த இரணியனின் கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். இருவரும் பலசாலிகள். பலம் குறைந்ததால் அவர்கள் விழவில்லை. காப்பு எட்டாத ஓர் இடம் இருந்தது. அடி அங்கே விழுந்தது. ஆங்கிலச் சொல்லின் கரு இதுதான்.

இந்தச் சொல்லை விளங்கிக்கொள்ள அதன் இலக்கணத்திலிருந்து தொடங்குவது நல்லது. 'வல்னரபிள்' தனியாக நிற்கும்போது பாதிப் பொருளையே தரும். முழுப் பொருள் வேண்டுமானால் அதன் பின்னால் 'டு' என்ற முன்னிடைச்சொல்லும், எதனால் ஆபத்து என்ற செய்தியும் வர வேண்டும். ஒரு கிராமம் வெள்ளத்துக்கு வல்னரபிள்; ஒரு பயிர் பூச்சிக்கு வல்னரபிள்; ஓர் அமைச்சரவை கட்சித்தாவலுக்கு வல்னரபிள். தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் இங்கே 'ஃப்ரம்' நுழைவதுண்டு. 'வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு' என்று தமிழில் நினைத்து எழுதுவதால் வரும் பிழை அது. பாதுகாக்கப்படுவதற்குத்தான் 'ஃப்ரம்', காப்பில்லாமல் இருப்பதற்கு 'டு'. இந்த 'டு'வுக்குத் தமிழில் இணையான உருபு 'கு'. நோய்க்கு ஆளாவது, பழிக்கு ஆளாவது, தாக்குதலுக்கு இலக்காவது என்று தமிழ் இயல்பாகப் பேசும் இடங்களெல்லாம் ஆங்கிலச் சொல்லின் அமைப்புக்கு மிக அருகில் இருக்கின்றன.

உச்சரிப்பைப் பொறுத்தவரை அழுத்தம் முதல் அசையில் விழும். நடுவிலுள்ள 'ல்' ஒலியை விழுங்கிப் பேசுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே உண்டு. ஆனாலும் அந்த 'ல்' எழுத்தில் எப்போதும் இருக்கும். எதிர்ச்சொல்லான 'இன்வல்னரபிள்' எதனாலும் காயப்படுத்த முடியாததைக் குறிக்கும். பெயர்ச்சொல் 'வல்னரபிலிட்டி'. முன்னால் 'தி' சேர்த்தால் பெயரடையே பெயராகி, காப்பு இல்லாத மக்கள் எல்லாரையும் ஒரே சொல்லில் குறித்துவிடும்.

அக்கம்பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் எல்லை தெளிவாகும். 'டிஃபென்ஸ்லெஸ்' என்றால் தற்காப்பு அறவே இல்லை. பருந்தின் நிழல் விழும் வெட்டவெளியில் தாயைப் பிரிந்து நிற்கும் கோழிக்குஞ்சு அது. 'வல்னரபிள்' என்பதற்குக் காப்பு முழுதாக இல்லாமல் போயிருக்க வேண்டியதில்லை. சுற்றிலும் மதிலும் அகழியும் உள்ள கோட்டையில் ஒரு திட்டிவாசல் மட்டும் காவலின்றி இருந்தால் அந்தக் கோட்டை வல்னரபிள். 'அன்ப்ரொடெக்டட்' வெறும் தகவல்: மேலுறை இல்லாத மின்கம்பி, மூடி இல்லாத கிணறு. 'எக்ஸ்போஸ்ட்' இருப்பிடத்தைச் சொல்கிறது. ஆபத்து வரும் வழியில் நிற்பது அது. 'சஸெப்டிபிள்' உள்ளியல்பைச் சொல்கிறது. சளி எளிதில் பிடிக்கும் உடம்பையும் முகத்துதிக்கு மயங்கும் மனத்தையும் அது குறிக்கும். 'ஹெல்ப்லெஸ்' செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கும் நிலை. தமிழில் கையறுநிலை என்பது இதற்கு அழகாகப் பொருந்தும். இறந்துபட்ட புரவலனை எண்ணிப் பாணரும் புலவரும் வருந்தும் புறத்துறைக்குப் பழந்தமிழ் இலக்கணம் வைத்த பெயரும் அதுதான்.

'ஃப்ரேஜைல்' என்பதோடு ஏற்படும் குழப்பம் இன்னும் நுட்பமானது. கண்ணாடிக் குவளை ஃப்ரேஜைல். உடைவது அதன் பொருளிலேயே இருக்கும் குணம். அதைப் பூட்டிய அலமாரிக்குள் வைத்தாலும் ஃப்ரேஜைல்தான், ஆனால் வல்னரபிள் ஆகாது. குழந்தை ஓடி விளையாடும் திண்ணையின் விளிம்பில் வைத்தால் அது இரண்டும் ஆகிவிடும். குவளை மாறவில்லை. இடம் மாறியது. 'வீக்' என்ற சொல்லும் குவளையைப் பற்றியே பேசும். 'வல்னரபிள்' மட்டும் குவளையையும் திண்ணையையும் ஓடிவரும் காலையும் சேர்த்துப் பேசும். பொருளின் குணத்தைச் சொல்வது போலத் தோன்றினாலும் அது ஓர் உறவைச் சொல்லும் பெயரடை என்பதை மறந்தால், கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை தாமாகவே வந்து சேரும்.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் நிலைபெறவில்லை. 'பாதுகாப்பற்ற' என்பது அடிக்கடி எழுதப்படுகிறது. அந்த ஒரு சொல்லையே ஆங்கிலத்தின் பல சொற்களுக்கு ஈடாகப் பயன்படுத்த வேண்டியிருப்பதால் தெளிவு குறைகிறது. பாதுகாப்பற்ற பாலம் என்றால் பாலத்தால் மக்களுக்கு ஆபத்து. பாதுகாப்பற்ற குழந்தை என்றால் குழந்தைக்கு ஆபத்து. ஒரே அடைமொழி ஆபத்து தருவதையும் ஆபத்துக்கு உள்ளாவதையும் சொல்லிவிடுகிறது. 'பாதிக்கப்பட்ட' என்று எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. தமிழ்ப் பெயரெச்சம் காலத்தைக் காட்டும். 'பாதிக்கப்பட்ட' என்றதும் அடி விழுந்து முடிந்துவிட்டது. ஆங்கிலச் சொல்லோ அடி விழுவதற்கு முந்தைய நேரத்தில் நிற்கிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் அந்த அடி விழாமலே போகலாம். வெள்ளத்துக்கு முன் எழுதிய திட்டக்குறிப்பில் 'பாதிக்கப்பட்ட மக்கள்' என்று பெயர்த்துவிட்டால், படிப்பவர் கண்ணுக்கு நிவாரணப் பொட்டலம்தான் தெரியுமே தவிர உயர்த்த வேண்டிய கரை தெரியாது.

'எளிதில் பாதிக்கப்படக்கூடிய' என்ற நீண்ட தொடர் இப்போது அரசு ஆவணங்களிலும் பாடநூல்களிலும் பரவலாக இருக்கிறது. பொருள் சரியானது, நாக்குக்குத்தான் சுமை. 'நலிவுற்ற', 'நலிந்த' என்பவை சுருக்கமானவை என்றாலும், 'பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினர்' என்ற வழக்கால் அவை வறுமையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. வசதியுள்ள வீட்டில் தனியே வாழும் எண்பது வயது மூதாட்டி நலிந்த பிரிவைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் தொலைபேசியில் வங்கி அதிகாரி போலப் பேசி ஏமாற்றுபவனுக்கு முன் அவர் வல்னரபிள். வேரோடு மிக நெருங்கி நிற்பது 'ஊறுபடத்தக்க' என்ற தொடர். ஊறு என்பது காயத்தையும் தீங்கையும் சேர்த்துக் குறிக்கும் பழைய சொல். இதை இன்னும் துணிந்து எழுதலாம்.

உடம்பைப் பற்றிய அறிவில் தமிழுக்கு ஒரு சொந்தச் சொல் உண்டு: வர்மம். சித்த மருத்துவத்திலும் கன்னியாகுமரி வட்டாரத்து ஆசான்களின் மரபிலும் உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். எத்தனை உரம் ஏறிய உடம்பாக இருந்தாலும் அந்த இடங்களில் அடி பட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து. அதே இடங்களைத் தொட்டு மருத்துவமும் செய்வார்கள். கிரேக்க வீரன் அக்கிலீஸின் குதிகால் கதையும் இத்தகைய ஓர் இடத்தைப் பற்றியதுதான். அக்கதை ஹோமரின் காவியத்தில் இல்லை, பிற்காலத்தில் சேர்ந்தது. பலமும் ஊறுபடும் தன்மையும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கலாம் என்பதை வர்மம் என்ற சொல் நீண்ட விளக்கம் இல்லாமலே சொல்லிவிடுகிறது.

ஆங்கிலச் சொல் துறைகள்தோறும் சென்று அங்கங்கே தனிப்பொருள் பெற்றது. சீட்டாட்டத்தில் அதற்குக் கிடைத்த பொருள் எதிர்பாராதது. 1925-இல் அமெரிக்கச் செல்வர் ஹரால்டு வாண்டர்பில்ட், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்கு 'ஃபின்லாண்ட்' என்ற கப்பலில் போகும்போது பிரிட்ஜ் ஆட்டத்துக்குப் புதிய மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். ஒரு கட்டத்தை வென்றுவிட்ட ஜோடிக்கு அடுத்த தோல்வியில் கூடுதல் தண்டம் உண்டு என்பது அதன் விதிகளுள் ஒன்று. அந்த நிலைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. உடன் பயணம் செய்த ஓர் இளம்பெண் 'வல்னரபிள்' என்ற பெயரைச் சொன்னதாக வாண்டர்பில்ட் பின்னாளில் எழுதினார். எதிரணி இரட்டிப்புக் கேட்காத ஆட்டத்தில், வல்னரபிள் அல்லாத ஜோடி குறையும் பிடி ஒவ்வொன்றுக்கும் 50 புள்ளி இழக்கும். வல்னரபிள் ஜோடி 100 இழக்கும். வெல்லும்போது கிடைக்கும் ஊக்கப்புள்ளியும் அதற்கேற்ப அதிகம். இங்கே வல்னரபிள் என்ற அடைமொழியைப் பெறுவது முன்னால் வென்ற ஜோடி. பலவீனத்தின் பெயராக மட்டும் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்பவருக்கு இந்தச் சீட்டுக்கட்டு நல்ல பாடம்.

உயிரினங்களுக்கு வந்தால் அது அளவிட்டு வழங்கும் படிநிலை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில், அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் இனங்களுக்கு மூன்று படிகள். அவற்றில் முதல் படி வல்னரபிள். அதற்கு மேல் 'எண்டேஞ்சர்ட்', உச்சியில் 'கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்ட்'. வல்னரபிள் படியில் சேர்க்கப் பல அளவுகோல்கள் உண்டு. பத்து ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில் எண்ணிக்கை 30 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்திருப்பது ஒன்று. இனப்பெருக்கம் செய்யக்கூடிய உயிர்கள் 1,000-க்கும் குறைவாக எஞ்சியிருப்பது இன்னொன்று. தமிழில் இதை 'அழிவாய்ப்பு இனம்' என்று எழுதுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கருமந்தியும், காட்டுமாடும், கடமானும், கரடியும் இந்தப் படியில் இருக்கின்றன. சென்னைக் கடற்கரையில் இரவில் முட்டையிட வரும் பங்குனி ஆமையும் இதில் உண்டு. வரையாடு இதற்கு ஒரு படி மேலே, எண்டேஞ்சர்ட் வரிசையில் இருக்கிறது.

படி மாறும்போது சொல்லின் எடை தெரிகிறது. 2016-இல் பாண்டா கரடியும் 2017-இல் பனிச்சிறுத்தையும் எண்டேஞ்சர்ட் நிலையிலிருந்து வல்னரபிள் நிலைக்கு மாற்றப்பட்டன. எண்ணிக்கை பற்றிய புதிய கணக்கின்படி இது முன்னேற்றம். பனிச்சிறுத்தையின் விஷயத்தில் பாதுகாப்புப் பணியிலிருந்த சிலர் இதை எதிர்த்தார்கள். பெயர் இளகினால் காவலும் இளகிவிடும் என்பது அவர்களின் அச்சம். அன்றாட ஆங்கிலத்தில் வல்னரபிள் என்றதும் மனம் இரங்குகிறது. பட்டியலில் அதே சொல்லைப் பார்த்தவர் 'தப்பித்துவிட்டது' என்று மூச்சு விடுகிறார். ஒரே சொல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக ஒலிப்பதை அந்த விவாதம் காட்டியது.

கணினித் துறையில் பெயர்ச்சொல்லுக்குத்தான் ஆட்சி. மென்பொருளில் அயலார் நுழைய இடம் தரும் குறை ஒவ்வொன்றும் ஒரு வல்னரபிலிட்டி. கணினிக்காரர்கள் பேச்சில் அதை 'ஓட்டை' என்பார்கள். 1999 முதல் அமெரிக்காவின் மைட்டர் நிறுவனம் இத்தகைய ஓட்டைகளுக்குப் பொது எண் வழங்கிவருகிறது. 2014 ஏப்ரலில் வெளியே தெரிந்த 'ஹார்ட்பிளீட்' ஓட்டை அதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளுக்குள் புகுந்திருந்தது. இணையத்தில் கடவுச்சொற்களைக் காக்கும் பூட்டு அந்த மென்பொருள். இரண்டு ஆண்டும் எல்லாத் தளங்களும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டை இருப்பதும் அதன் வழியே திருடன் வந்திருப்பதும் வேறு வேறு செய்திகள் என்பதை இந்தத் துறை கறாராகப் பிரித்து வைத்திருக்கிறது.

மனத்தைப் பற்றிய பேச்சில் சொல் வேறு திசையில் திரும்பியிருக்கிறது. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறை ஆய்வாளரான பிரனே பிரவுன், 2010-இல் ஆற்றிய ஓர் உரையில், காயப்படத் தயாராக இருப்பதே அன்புக்கும் துணிவுக்கும் பிறப்பிடம் என்று வாதிட்டார். அந்த உரை உலகெங்கும் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. மனத்தின் கவசத்தைக் கழற்றி வைத்து, மறுப்பு வரலாம் என்று தெரிந்தே அன்பைச் சொல்வதும், தோற்கலாம் என்று தெரிந்தே முயல்வதும் இந்தப் பொருளில் வல்னரபிள் ஆவது. இதை 'பலவீனமாக இருங்கள்' என்றோ 'பாதுகாப்பின்றி இருங்கள்' என்றோ தமிழில் பெயர்த்தால் அபத்தமாகிவிடும். 'மனம் திறத்தல்' ஓரளவு பொருந்தும். சங்க காலத்துத் தமிழர் போர்க்களத்தில் முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றினார்கள். புறமுதுகில் பட்ட புண் இழிவு. நெஞ்சை நிமிர்த்தி நிற்பவனுக்கே விழுப்புண் கிடைக்கும். காயப்படக்கூடிய இடத்தை மறைக்காமல் நிற்பதில் ஒரு மேன்மை உண்டு என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதல்ல.

பேரிடர் ஆய்வாளர்களிடம் இந்தச் சொல் மிகுந்த பயன்பாட்டைப் பெற்றது. புயலோ நிலநடுக்கமோ தானாகப் பேரிடர் ஆவதில்லை என்பது அவர்களின் அடிப்படைக் கருத்து. அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழு இடரை மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது: வரும் ஆபத்து, அதன் வழியில் யாரும் எதுவும் இருப்பது, இருப்பவர்களின் ஊறுபடும் தன்மை. கடலோரத்தில் மாடிவீடும் இருக்கிறது, ஓலைக்குடிசையும் இருக்கிறது. புயலின் வழியில் இரண்டும் நிற்கின்றன. வல்னரபிள் ஆனது குடிசை. 1999 அக்டோபர் இறுதியில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே கடுமையாகக் கரையேறியபோது இறப்பு ஐம்பதைத் தொடவில்லை. கடல் அப்படியேதான் இருந்தது. கடற்கரையும் இடம் மாறவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் புயல் புகலிடங்கள் கட்டப்பட்டிருந்தன, தனிப் பேரிடர் மேலாண்மை அமைப்பு உருவாகியிருந்தது, முன்னறிவிப்பு கூர்மையாகியிருந்தது. புயல் வருமுன்னே லட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள்.

மறுபக்கத்தை 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் காட்டியது. கன்னியாகுமரியின் மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் அவர்களைவிட அறிந்தவர்கள் குறைவு. ஆனால் கரையிலிருந்து நெடுந்தொலைவு போன படகுகளுக்கு எச்சரிக்கை எட்டும் வழி இல்லை. பலர் திரும்பவே இல்லை. திறமைக்குறைவு என்றோ பலக்குறைவு என்றோ அந்தச் சாவுகளுக்குக் காரணம் எழுதுவது அநியாயம். தகவல் எட்டாத தொலைவில் விடப்பட்டிருந்தார்கள் என்பதுதான் அவர்களின் ஊறுபாடு.

மனிதர்கள் மேல் இந்த அடைமொழியைச் சூட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். மருத்துவ ஆய்வு அறத்தில் அது முக்கியச் சொல்லானதன் பின்னணியில் ஒரு கொடுமை இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை கவனித்துக்கொண்டே இருந்தது. பென்சிலின் மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்த குத்தகை உழவர்கள். வறுமையும், மருத்துவர் எட்டாத ஊரும், நிறவெறியும், அரசு டாக்டர் மேல் வைத்த நம்பிக்கையும் சேர்ந்து அவர்களைக் காப்பற்றவர்கள் ஆக்கின. அந்த அவலம் வெளிவந்த பின் எழுந்த முயற்சிகளின் விளைவாக 1979-இல் 'பெல்மான்ட் அறிக்கை' வந்தது. கைதிகள், ஏழைகள், சிறுபான்மை இனத்தவர், கடும் நோயாளிகள் முதலியோரை எளிதில் கிடைக்கிறார்கள் என்பதற்காக ஆய்வுக்கு இழுக்கக்கூடாது என்ற நெறியை அது வலியுறுத்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறிகளிலும் இத்தகையோருக்குத் தனிப் பகுதி உண்டு.

நீதிமன்றங்களில் இந்தச் சொல் சாட்சிகளுக்கு முன்னால் வருகிறது. குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்த்ததும் நா எழாமல் போகும் குழந்தைக்காக, 2012-இல் டெல்லி கர்கர்டூமா நீதிமன்ற வளாகத்தில் தனி அறை திறக்கப்பட்டது. குழந்தை தனி வழியில் வந்து, எதிரியின் முகத்தைப் பாராமல் சாட்சி சொல்லலாம். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வல்னரபிள் சாட்சி என்பதன் பொருளை விரித்தது. பாலியல் வன்முறைக்கு உள்ளானோர் எந்த வயதினராயினும் பாலினத்தவராயினும் அதில் அடங்குவர். மனநோய் உள்ளவர்களும், பேச்சு அல்லது செவித்திறன் குறைந்தவர்களும், உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்களும் அவ்வாறே. இங்கே சாட்சியிடம் குறை தேடவில்லை. அறையை மாற்றினார்கள்.

தேர்தல் காலத்தில் இதே சொல் தமிழ்ச் செய்தித்தாள்களில் வேறு வேடம் பூணுகிறது. யாருடைய மிரட்டலால் எந்தத் தெருவின், எந்தக் குக்கிராமத்தின் மக்கள் வாக்களிக்க வராமல் போகக்கூடும் என்பதைத் தேர்தலுக்கு முன்பே கண்டறியுமாறு தேர்தல் ஆணையம் அதிகாரிகளைப் பணிக்கிறது. மிரட்டலுக்கு ஆளாகக்கூடியவர்களை மட்டுமல்லாமல், மிரட்டக்கூடியவர்களையும் பட்டியலிட வேண்டும். அப்படி அடையாளம் காணப்பட்ட வல்னரபிள் வாக்குச்சாவடிகள் தமிழில் 'பதற்றமான வாக்குச்சாவடிகள்' ஆகிவிடுகின்றன. இது பொருத்தமான பெயர்ப்பு அல்ல. பதற்றம் என்றதும் இரு தரப்பும் மோதிக்கொள்ளும் ஊர் என்ற சித்திரம் எழுகிறது. ஆணையத்தின் சொல்லிலோ ஒரு தரப்பு மிரட்டுகிறது, மறு தரப்பு வாயடைத்துப் போகிறது. சேரித் தெருவிலிருந்து ஒருவரும் வாக்களிக்க வராத ஊரில் பதற்றமே தெரியாது. வாக்குச்சாவடி அமைதியாகத்தான் இருக்கும். 'மிரட்டலுக்கு ஆளாகக்கூடிய வாக்குச்சாவடி' என்று எழுதினால் ஒரு சொல் கூடும், உண்மை தப்பாது.

பழங்குடிகளைப் பற்றிய அரசு வழக்கில் இந்தப் பெயரடை ஓர் இழிசொல்லை அகற்றியிருக்கிறது. பழங்குடிகளுக்குள்ளேயே சில குழுக்கள் மிகப் பின்தங்கியிருப்பதை தேபர் ஆணையம் 1960-களின் தொடக்கத்தில் சுட்டிக்காட்டியது. பின்னர் அவர்களுக்குத் தனி வகை உருவானபோது வைத்த பெயரில் 'பிரிமிட்டிவ்' என்ற சொல் இருந்தது. நாகரிகத்தின் தொடக்கநிலையிலேயே நின்றுவிட்டவர்கள் என்ற ஏளனம் அதற்குள் ஒளிந்திருந்தது. 2006-இல் அந்தச் சொல்லை நீக்கி, 'குறிப்பாக வல்னரபிள் ஆன பழங்குடிக் குழுக்கள்' என்று பெயர் மாற்றினார்கள். இந்தியா முழுவதும் 75 குழுக்கள். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு.

பழைய பெயர் அந்த மக்களின் இயல்பைக் குறை சொன்னது. புதிய பெயர் குறைந்தபட்சம் 'எதற்கு?' என்று கேட்க இடம் தருகிறது. இருளரை எடுத்துக்கொண்டால் விடை தெளிவாகக் கிடைக்கும். நல்ல பாம்புக்கு முன்னால் அவர்கள் வல்னரபிள் அல்லர். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான பாம்பு நஞ்சைத் தந்துவருகிறது. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவர் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை அழைக்கப்பட்டு, 2023-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்கள். அதே இருளர் சமூகத்துக் குடும்பங்கள் வடமாவட்டங்களில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டிருக்கின்றன. சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையின் படிப்பு தடைபடுவதும், பட்டா இல்லாத குடிசையிலிருந்து விரட்டப்படுவதும் அவர்களின் அன்றாடம். கடனுக்கும், காகிதத்துக்கும், காவல் நிலையத்துக்கும் முன்னால்தான் அவர்கள் காப்பற்று நிற்கிறார்கள். 'நலிந்த பழங்குடி' என்று மட்டும் எழுதினால் அந்த மூன்றும் கண்ணில் படாமல் போகும்.

இதே சொல் இழிசொல் ஆகிவிடக்கூடும் என்ற எண்ணமும் வலுப்பெற்றது. எல்லா மனிதரும் ஊறுபடக்கூடியவர்களே என்றும், சிலரை மட்டும் அப்படிப் பிரித்துப் பெயரிடுவது தவறான தொடக்கம் என்றும் அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்த்தா ஃபைன்மன் 2008-இல் எழுதினார். குழந்தையாகவும் நோயாளியாகவும் முதியவராகவும் பிறரைச் சார்ந்திராத உயிர் எதுவும் இல்லை. சிலருக்குத் தாங்குகோல்கள் நிறைய, சிலருக்கு ஒன்றுமில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டி, தன்னைக் காத்துக்கொள்ள இயலாத வயதுவந்தோரை 'வல்னரபிள் அடல்ட்' என்றது. துன்புறுத்தியவரை விட்டுவிட்டுத் துன்பப்பட்டவரின் குறையை அந்தப் பெயர் முன்னால் வைக்கிறது என்ற விமர்சனம் எழுந்தது. இங்கிலாந்தின் 2014 பராமரிப்புச் சட்டம் அந்தச் சொற்றொடரை எடுத்துக்கொள்ளாமல், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகும் ஆபத்தில் இருப்பவர் என்று எழுதியது. பராமரிப்பாளராக வேலைக்கு வருவோரின் பின்னணியைச் சோதிக்கும் 2006-ஆம் ஆண்டின் சட்டம் மட்டும் தன் தலைப்பிலேயே 'வல்னரபிள்' என்ற பழைய சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறது.